மிஞ்சியவள்

அன்பும் சண்டையும் இன்னும் தீராத அண்ணிக்கு,

நூம்பலில் நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை உங்கள் மகள் சுமதிக்கு வளைகாப்பு. முகம் அப்படியே நீங்கள், வாயும்தான்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், குழம்பில் உப்புப் போதவில்லை என்று உங்கள் அம்மாவிடமே சொல்லிவிட்டேன். "இன்னா கான்வென்ட்டு, எங்கம்மாவையே மிஞ்சுறியா?" என்று கேட்டீர்கள். கான்வென்ட்டில் படித்தவள் என்று கடைசிவரை எனக்கு அந்தப் பெயர்தான். எனக்கோ திட்டைவிட அந்த 'மிஞ்சு' என்ற சொல்தான் மனதில் நின்றது. அளவைத் தாண்டினாலும் மிஞ்சுவது, பந்தி முடிந்து பாத்திரத்தில் தங்கினாலும் மிஞ்சுவது. அது எப்படி என்று கேட்டால், "சோத்தத் துன்னு மொதல்ல" என்பீர்கள்.

சுமதியின் கல்யாணத்தில், கணவரை இழந்தவள் என்று நீங்களாகவே தூணுக்குப் பின்னால் போய் நின்றீர்கள். கையைப் பிடித்து இழுத்தேன். "மிஞ்சினவ ஓரமாத்தான் நிக்கணும், உடு" என்றீர்கள். பெற்ற மகளின் கல்யாணத்தில் நீங்கள் எப்படி மிச்சமானீர்கள், அண்ணி?

இப்போது நீங்களும் இல்லை, உங்கள் தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார். தாயின் இடத்தில் நின்று முதல் வளையலை அத்தை நான்தான் போட வேண்டும் என்கிறாள் சுமதி. நேற்று அவளுடைய மாமியார் வந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆசீர்வாதம் செய்தால் போதுமாம்.

"மொறைய மிஞ்சக்கூடாது இல்லீங்களா?"

"இவ தாய்வீட்டுல மிஞ்சினது நான் ஒருத்திதான்," என்றேன். "அப்போ நான்தான் மிஞ்சணும்."

அவர் கிளம்பிவிட்டார். காபியும் பாதி மிஞ்சியது. வெள்ளிக்கிழமை வருவாரா, வந்து பாதியில் எழுந்து போவாரா, தெரியாது. சுமதியைக் கேட்டேன், அந்த வீட்டில் நாளைக்கு வாழப்போகிறவள் நீயாயிற்றே என்று. "நீ போடு அத்தே. அவங்கள நான் பாத்துக்கறேன்" என்றாள்.

கரையான்சாவடியில் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருக்கிறேன். எனக்கு ஊரைப் பற்றிப் பயமில்லை. இந்த வயதில் கை நடுங்குகிறதே, வளையல் உடைந்துவிட்டால் என்ன சொல்வார்கள்? அதனால் தினமும் என் கையிலேயே போட்டுக் கழற்றிப் பழகுகிறேன்.

முதல் வளையல் உங்களுக்காக, அடுத்தது எனக்காக. இரண்டையும் உடையாமல் போடுவேன். அன்றைக்குத் தூணுக்குப் பின்னால் யாரும் நிற்கமாட்டார்கள்.

உங்களிடம் ஒருநாளும் கெஞ்சாத
தம்பி மனைவி,
கான்வென்ட்டு