ராம்கி எடைக்கு மணல்

மரக்காணம்
பங்குனி மாதம்

அன்பு மகள் சங்கவிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் பஹ்ரைனில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன், இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் உன் குரல் கேட்டதுமே சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் அங்கிருந்து லீவில் வந்திருக்கும் தென்னரசு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வறுத்த மல்லாட்டைக் கடலையும் கருவாடும் அவனிடம் இருக்கிறது, கருவாட்டை வந்த அன்றே பிரித்து வெயிலில் வை, பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்தினால் பொத்திக்கொள்ளட்டும்.

ஐப்பசியில் கார் சவாரி இல்லாத நாளில் மீனுக்குப் போன படகு கவிழ்ந்தபோது தம்பி ராம்கியோடு போனவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள், அவன் மட்டும் வரவில்லை, அதிலிருந்து இந்த வீட்டில் எல்லாம் அப்படியே நிற்கிறது. கார்த்திகையில் போலீஸ்காரர்கள் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு ஓர் உடம்பைக் காட்டினார்கள், அது வேறு யாரோ பெற்ற பிள்ளை. உன் பெரியப்பா நெடுஞ்செழியன் வரும்போதெல்லாம் தர்ப்பையில் ஓர் உருவம் செய்தாவது காரியத்தை முடித்துவிடலாம் என்கிறார், உடம்பே வராமல் யாருக்குக் காரியம் என்று அப்பா அவரிடம் சண்டைக்குப் போகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது சங்கவி, அவன் வரவும் இல்லை, போகவும் இல்லை, நடுவில் எங்கேயோ நனைந்துகொண்டு நிற்கிறான் என்று தோன்றுகிறது, சோறு இறங்குவதில்லை.

இந்த நிலைமையில் போன மாதம் ராம்கி பெயருக்கு ஒரு பெரிய பார்சல் வந்தது. திண்டிவனம் ஸ்டாண்டில் அவன் ஓட்டிய காருக்கு ஸ்பிரிங் எல்லாம் தளர்ந்து போயிருந்தது உனக்குத் தெரியும், அதற்குக் காயில் ஓவர் என்று ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சொல்லி வைத்திருந்தானாம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தே இருக்கும், வளையத்தைத் திருகினால் வண்டி உயரம் கூடும் குறையும். வந்ததும் மெக்கானிக்கிடம் போகாமல் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தானாம், அவ்வளவுதான், அப்பா அன்றைக்கே வாசலில் காரின் நான்கு சக்கரத்தையும் கழற்றிவிட்டார். விழுப்புரத்திலிருக்கும் தம்பியின் சிநேகிதன் கோபி ஜாக்கியும் ஸ்பானரும் கொண்டுவந்து கொடுத்து, ஸ்பிரிங் தெறித்தால் ஆபத்து, நானே செய்கிறேன் என்றான், இவர் விடவில்லை. உப்புக்காற்றில் துருவேறிய போல்ட்டுக்கெல்லாம் எண்ணெய் ஊற்றி ஊற்றி, பழைய ஸ்பிரிங்கைப் படகுக் கயிற்றால் வரிந்து கட்டி இறக்கினார், போனில் வீடியோ போட்டுப் பார்த்துக்கொண்டு, ஜல்தி ஜல்தியாகப் பேசுகிறான் என்று அந்த ஆளைத் திட்டிக்கொண்டே புதியதை மாட்டினார்.

வண்டியைக் கீழே இறக்கியதும்தான் வினை வந்தது. ஓட்டுகிற ஆள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே உயரம் பார்த்துக் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னானாம். நீங்கள்தான் மீன் லோடு வண்டி ஓட்டியவராயிற்றே, நீங்களே உட்காருங்கள், கோபி முறுக்கட்டும் என்றேன். "நானா ஓட்டப் போறேன்? அவன்தான ஓட்டுவான்" என்று சொல்லிவிட்டுக் கரைக்குப் போனார். மீன் ஏலக்கூடத் தராசில் ஏறி நின்று எழுபத்திரண்டு கிலோ என்று தம்பி பீற்றிக்கொள்வானே, அதே தராசில் மூட்டையை வைத்து அந்த எடைக்கு மணல் போட்டுக் கொண்டுவந்தார், டிரைவர் சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட்டும் போட்டுவிட்டார். விளக்கு வைக்கிற நேரம், எனக்கு ஒன்றும் தெரியாது, கொல்லையிலிருந்து வந்தவள் கண்ணாடிக்குள் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ராம்கி என்று கத்திக்கொண்டு ஓடினேன், வாசலிலேயே விழுந்துவிட்டேன், முழங்காலில் அடி, இப்போது தேவலை.

முறுக்கி முடித்த பிறகும் அப்பா மூட்டையை இறக்கவில்லை. உயரம் இன்னும் படியவில்லை என்று தினமும் ஒரு சாக்கு சொல்வார், கண்ணாடியைத் துடைப்பார், காருக்கு அடியில் படுத்துக்கொள்வார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன, நானும் அதோடு பழகிவிட்டேன், யாரிடமும் சொல்லாதே. போன திங்கட்கிழமை காலையில் தண்ணீர்க் குடத்தோடு காரைத் தாண்டியவள் நின்று, "சாப்டியாடா கண்ணு" என்று அந்த மூட்டையிடம் கேட்டுவிட்டேன். அப்பா அடியில் படுத்திருந்தது எனக்குத் தெரியாது.

அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். பெல்ட்டை அவிழ்த்து மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வாயைப் பிரித்து, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அலையில் விட்டார். காலிச் சாக்கையும் விட்டுவிட்டுத் தலை முழுகி எழுந்தார். வீட்டுக்கு வந்து ஈரத்தோடேயே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கோபியக் கூப்ட்டு என் எடைக்கு உசரத்த வெக்கச் சொல்லு. சங்கவி பாப்பாவுக்கும் எழுது, அவ வந்ததும் காரியம் பண்ணிக்கலாம்" என்றார். அப்புறம்தான் அழுதார், இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அழுதார்.

ஆகவே கண்ணு, கிளம்பி வா. மீனம்பாக்கத்துக்கு அப்பாவே காரைக் கொண்டுவருவார், நீ முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டு வா. நைட் டூட்டி என்று சாப்பாட்டை விடாதே, குழந்தைக்குச் சளி இருந்தால் கசாயம் கொடு. அங்காளம்மன் உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, லீவு கேட்கும்போது தம்பியைக் காணவில்லை என்று இனிமேல் எழுத வேண்டாம், இறந்துவிட்டான் என்றே எழுதிக் கொடு.

இப்படிக்கு,
உன் அம்மா
செண்பகம்