எட்டாவது சாக்குத் துண்டு

மதினி, இன்று காலையில் பழைய கணக்கு நோட்டை எடைக்குப் போடலாம் என்று எடுத்தேன். பிரித்ததும் சுக்கு வாசம் குப்பென்று வந்தது. நடுப்பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு சாக்குத் துண்டு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எடைக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் என் அண்ணனைக் கட்டி மட்டாஞ்சேரிக்கு வந்த மறு மாதமே நாம் இருவரும் ஒரே கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கச் சேர்ந்தோம். இருவருமே எட்டாவதோடு நின்றவர்கள். நாற்பதை நெருங்கும்போது பத்தாவது எழுதலாம் என்று கிளம்பியது உங்கள் கூத்துதான். “தேறினா அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போடலாம்ட்டி. ஆயுசு பூரா சுக்கு பொறுக்கவா பொறந்தோம்?” என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு என்னையும் இழுத்துப் போனீர்கள்.

எல்லாம் ஒருவாறு ஏறியது. இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவது மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை. டீச்சர் பலகையில் x² + 8x + 12 என்று எழுதினால் எனக்குக் கொட்டாவி வரும். நீங்கள் மறுநாளே கிடங்கு முற்றத்தில் கிழிந்த சாக்கை வெட்டினீர்கள். ஒரு பெரிய சதுரம், அதுதான் x². அதன் நீளத்திற்கு எட்டுத் துண்டு, அவை எட்டு x. அப்புறம் பன்னிரண்டு சுக்கு. “ஓட்டை இல்லாம ஒரே செவ்வகமா அடுக்கு. அதோட நீளமும் அகலமும்தான் விடை.”

சதுரத்துக்குப் பக்கத்தில் மூன்று துண்டு வைத்தேன், கீழே நான்கு. மூலையில் பன்னிரண்டு சுக்கும் கச்சிதமாக அமர்ந்தன. ஒரு துண்டு மட்டும் மிச்சம். சத்தம் போடாமல் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் எண்ணிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

“ஏட்டி, மிச்சத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கே?”

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. நீங்களே அதை உருவி எடுத்து, “சாரமில்ல, போனாப் போகுது. கலைச்சுட்டு முதல்லருந்து அடுக்கு” என்றீர்கள். இரண்டும் ஆறுமாக வைத்தபோது எட்டுத் துண்டும் சரியாக உட்கார்ந்தன. அன்று நான் கைதட்டியதில் கிடங்கு மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது உங்களுக்கு வயிற்றுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணன் பயந்துபோய் வெளியே நின்றுவிட்டதால் டாக்டர் என்னிடம்தான் பேசினார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு உங்கள் கட்டிலுக்கு வந்தேன். “வெறும் அல்சர்தானாம் மதினி. பரீட்சைக்குள்ள எந்திரிச்சிருவீங்க.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு மெதுவாகக் கேட்டீர்கள்: “ஏட்டி, மிச்சத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கே?”

“சாயா ஆறுது, குடிங்க” என்றேன். வாங்கிக் குடித்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவே இல்லை. யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தீர்களோ, அதற்கெல்லாம் நேரமில்லாமல் செய்துவிட்டேன்.

பரீட்சைக்குத் தனியாகப் போனேன். அதே மாதிரிக் கணக்கு வந்தது. முதலில் போட்டதில் ஒரு x மிஞ்சியது. அடித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன், சரியாக வந்தது. தேறிவிட்டேன் மதினி. இப்போது காலையில் கிடங்குக்குப் போவதில்லை, அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறேன். உங்கள் வேலை அது.

அன்று நான் ஒளித்த இந்தத் துண்டை நோட்டிலிருந்து எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட மிச்சத்தையும் இப்போது வெளியே எடுத்து வைக்கிறேன். அது அல்சர் இல்லை மதினி. இரண்டு மாதம் தாண்டாது என்று டாக்டர் சொன்னார்.