லிஃப்ட் நன்றாக ஓடுகிறது

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதினால்தான் கடிதம் தொடங்கும் என்பதால் அதையே எழுதி வைக்கிறேன். அங்கே நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? சுரங்கத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு, நீங்கள் மட்டும் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விட்டீர்களா? விட்டிருக்க மாட்டீர்கள்.

சிக்னல் கிடைக்கிற டவுனுக்கு நீங்கள் வரும்போது போனில் பேசிக்கொள்ளலாமே, இவளுக்கு எதற்குக் காகிதம் என்று நினைப்பீர்கள். என் போனை வாங்கி, பிரித்து, எல்லாம் போட்டுக் கொடுத்தது உங்கள் அருமை மகன். உங்கள் போனையும் அவன்தான் தயார் செய்தான். நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்வதெல்லாம் அவன் கண்ணில் படாமல் போகுமா? வாய்விட்டுப் பேசலாம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அறை. உங்கள் ரொட்டி மாஸ்டர் விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

முதலில் உங்கள் மகன் பார்க்கும் உத்தியோகத்தைச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஏதோ வேலை என்று உங்களிடம் பெருமையாகச் சொன்னானே, அது என்ன தெரியுமா? நம் கவுன்சிலரின் மச்சினனுக்குப் பதிலாக இவன் உட்கார்ந்து கேம் விளையாடுகிறான். அந்த மச்சினன் துப்பாக்கி எடுத்துச் சுடுகிற ஏதோ ஒரு ஆட்டத்தில் பெரிய புலியாம். சுடுவது இவன், புலி அவன். துணி துவைக்க ஆள் வைப்பார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பார்கள், விளையாடுவதற்கு ஆள் வைத்து நான் பார்த்ததே இல்லை. அந்த ஆள் டீக்கடையில் உட்கார்ந்து, நேற்று நாற்பது பேரை அடித்தேன் என்று பீற்றிக்கொள்கிறான், சுற்றி இருக்கிற நாலு பேர் ஆவென்று கேட்கிறார்கள். இவனுக்கோ கண் இரண்டும் கோவைப் பழமாகக் கிடக்கிறது. கேட்டால் திறமை என்கிறான்.

கவுன்சிலரை இப்போது ஊரே ரிப்பன் என்றுதான் சொல்கிறது. ரிப்பன் வெட்டாத நாளில் அந்த மனுஷனுக்குத் தொண்டையில் சாப்பாடு இறங்காது. குழாய்க்கு ஒரு ரிப்பன், குப்பைத் தொட்டிக்கு ஒரு ரிப்பன். இவருக்கு ஓட்டுப் போட்டது யார் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தர் வாய் திறக்க மாட்டார். எல்லோரும் அப்போதே எதிர்த்தார்களாம். அப்படியானால் ஜெயித்தது எப்படி? நான் போட்டேன், ஒத்துக்கொள்கிறேன். எதிரே நின்றவர் இவரைவிட மட்டம்.

இந்த ரிப்பன் எங்கள் மருத்துவமனை லிஃப்டுக்கும் வந்தார். ஏழெட்டு மாதம் செத்துக் கிடந்த லிஃப்ட். சலவை அறை கீழ்த்தளத்தில், வார்டுகள் நாலாம் மாடி வரைக்கும். நானும் என் மேற்பார்வையில் இருக்கிற சலவைப் பெண்களும் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகளைப் படியில் சுமந்து முட்டி தேய்ந்து போனோம். ரிப்பன் வந்தார், வெட்டினார், மேலே போனார், கீழே வந்தார், கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார். மறுநாள் காலையில் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. போட்டோ எடுத்த கையோடு லிஃப்டும் கிளம்பிப் போய்விட்டது.

அதற்கப்புறம் ஒரு நாள் இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர் ஒருவரை விரிப்பில் கிடத்தி நாலு பேர் படியேற்றினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் விரிப்பு கிழிந்துவிட்டது. அவர் போட்ட சத்தம் கீழே என் இயந்திரங்களின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. நான் துவைத்த துணி அது. அன்று சாயந்திரம், ரிப்பன் நெட்டில் போட்டிருந்த லிஃப்ட் போட்டோவுக்குக் கீழே மூன்று வரி எழுதினேன். போட்டோ எடுத்த அன்று மட்டும்தான் இது ஓடியது, இன்று ஒருவரைப் படியில் கீழே போட்டோம், முடிந்தால் வந்து நீங்களும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள் என்று. சலவைப் பெண் ஒருத்தி திறந்து கொடுத்த கணக்கு. பெயர் லாண்டரி அக்கா. அங்கே என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். உங்கள் மகனுக்கு அது எங்கே தெரியப் போகிறது, அம்மா எந்த மாடியில் வேலை செய்கிறாள் என்றே ஒரு நாளும் கேட்டதில்லை.

அரை மணி நேரத்தில் ஐம்பது பேர் என் மேல் விழுந்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியையாம், முன்னாள் ராணுவ வீரராம், மூன்று பிள்ளைகளின் தாயாம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பூ, நாய்க்குட்டி, சூரிய உதயம். எதிர்க்கட்சியிடம் கைநீட்டியவள், பொய்க்காரி, இவளை வேலையை விட்டுத் தூக்கு என்று ஒரே கூச்சல். நானும் இந்த வாயை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியவள், இதற்கெல்லாம் அசருவேனா? சிரித்துக்கொண்டுதான் படித்தேன். அப்போதுதான் அந்த ராணுவ வீரர் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. "சோடா போட்டு அவிச்சாலும் வெளுக்காத ஜென்மம்" என்று.

இந்த ஊரில் அந்தத் திட்டு ஒரே ஒரு வாயிலிருந்துதான் வரும். அது யாருடைய வாய் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்தேன். ஆசிரியை, "காதுல பஞ்சு வெச்சிருக்கியா, பருத்திக் காடே வெச்சிருக்கியா" என்று கேட்டிருந்தாள். மூன்று பிள்ளைகளின் தாய், "மூணு தண்ணி அலசினாலும் உன் வாயில நுரை அடங்காது" என்று சொல்லியிருந்தாள். எல்லாம் நான் காலையில் இவன் போர்வையை உருவும்போது சொல்கிறவை. மறுநாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு முகம், அதே பூ, அதே நாய்க்குட்டி, அதே சூரிய உதயம். ஆட்டத்தில் புலியாக இருந்ததைப் பார்த்து ரிப்பன் தன் வேலைக்கும் இழுத்துக்கொண்டிருக்கிறார். ஊர் மக்கள் கொதித்தெழுந்தார்கள் என்று பேப்பர்காரன்கூட எழுதினான். அந்த ஊர் மக்கள் அரைக்கால் சட்டையோடு நம் வீட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், தட்டைக்கூடக் கழுவி வைப்பதில்லை. ஐம்பது பேருக்கு உயிர் கொடுக்கத் தெரிந்தவனுக்குச் சொந்தமாக ஒரு வசவு வரவில்லை பாருங்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக் கொல்லையில் போட்டிருப்பேன். ஆனால் அதே திரையில் கீழே இன்னொன்று இருந்தது. அந்த ஐம்பதில் ஒருவர் மட்டும் என்னைத் திட்டவில்லை. வெளியூரில் சமையல் வேலை பார்க்கிறவராம். முகத்துக்குப் பதில் ஒரு கரண்டிப் படம். அவர் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன். "நான் என்ன சொல்றேன்னா, அந்தம்மா சும்மா சொல்ல மாட்டாங்க. ஒரு தடவை போய்ப் பார்த்துட்டுதான் பேசலாமே." அவ்வளவுதான். உடனே மற்ற நாற்பத்தொன்பது பேரும் அவர் மேல் பாய்ந்தார்கள். நீயும் கைக்கூலியா என்றார்கள். அவர் அப்புறம் வரவில்லை.

நான் என்ன சொல்றேன்னா என்று தொடங்குகிறவர் யார் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? லாண்டரி அக்கா யார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே திட்டியிருக்கிறான், தெரிந்தே எனக்காகப் பரிந்து பேச உங்களைக் கூட்டி வந்திருக்கிறான், கூலி போய்விடும் என்ற பயத்தில் அவனே உங்களை அடித்து விரட்டியும் இருக்கிறான். பொய்யான நீங்களும் நிஜமான உங்களைப் போலவே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிவிட்டீர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அடுப்படிக்குப் போய் அவனுக்குத் தோசை ஊற்றினேன்.

வியாழக்கிழமை என்னை விசாரித்தார்கள். எங்கே தெரியுமா? நாலாம் மாடியில். பெரிய டாக்டர் படியேறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தார். ஆபீஸ் மேனேஜருக்கு வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரிப்பனின் ஆள் ஒருவன் மாடிக்கு ஒரு தரம் நின்று நின்று வந்து சேர்ந்தான். மூன்று பேரும் ஆற அமர மூச்சு வாங்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்கள், லிஃப்ட் ஓடவில்லை என்று எப்படிப் பொய் சொல்லலாம் என்று. எனக்குப் பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. கேட்ட மூன்று பேருக்கும் சிரிப்பே வரவில்லை.

அந்த ஐம்பது பேர் எழுதியதையும் வரிசையாகப் படித்தார்கள். பெரிய டாக்டர் சோடா விஷயத்தைப் படிக்கும்போது அதைச் சொன்னவளே எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதையெல்லாம் எடுத்துக் காட்ட கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், கொஞ்சம் நேர்மையானவள். அவள் எழுந்து, இது எல்லாம் ஒரே ஆள் செய்கிற மாதிரி இருக்கு, அக்கா ஒரு புகார் எழுதிக் கொடுத்தா ரெண்டே நாள்ல எந்த வீடுன்னு கண்டுபிடிச்சிடலாம் என்றாள். ரிப்பனின் ஆளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மேனேஜர் என்னைப் பார்த்தார். இவர்களில் யாரையாவது உனக்குத் தெரியுமாம்மா என்று கேட்டார்.

தெரியும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். எனக்கு ஒரு சேதமும் இல்லை. போலீஸ் வந்து அவனை அரைக்கால் சட்டையோடு இழுத்துக்கொண்டு போயிருக்கும், ரிப்பன் இவன் யாரென்றே தெரியாது என்று கையை விரித்திருப்பார்.

யாரையும் தெரியாது, புகாரும் வேண்டாம் என்றேன். அப்படியானால் மன்னிப்பு எழுதிக் கொடு என்றார்கள். அவர்களே சொல்லச் சொல்ல எழுதினேன். லிஃப்ட் நன்றாக ஓடுகிறது, நான்தான் அவசரத்தில் தவறாக எழுதிவிட்டேன் என்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நாலு மாடியும் நடந்து இறங்கினேன். பின்னாலேயே அவர்களும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். இனி நான் மேற்பார்வை இல்லை, அழுக்குத் துணி பிரிக்கிற அறையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். படிக்கட்டில் எல்லோரும் என்னிடம் பேசுகிறார்கள். நீங்க கேட்டது சரிதான் அக்கா என்று காதோடு சொல்கிறார்கள். இந்தக் காதோடு சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ரிப்பனைவிடப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மன்னிப்பை அன்றைக்கே ரிப்பன் படம் பிடித்துப் போட்டுவிட்டார், என் கையெழுத்து தெரிகிற மாதிரி. ஊர் மக்கள் வந்து கைதட்ட வேண்டும் அல்லவா? ஒருவரும் வரவில்லை. ஆசிரியையும் இல்லை, ராணுவ வீரரும் இல்லை. பக்கத்து அறையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். நீ ஏம்மா கையெழுத்துப் போட்ட என்றான். எனக்கு வேலை வேணும்டா, உன்னை மாதிரி உட்கார்ந்து தின்ன முடியுமா என்றேன். பானையைத் திறந்து பார்த்து மூடினான், மறுபடியும் திறந்து பார்த்தான். அன்றைக்கு அவன் தட்டை அவனே கழுவினான், சரியாகக் கழுவவில்லை.

அன்றிலிருந்து அவன் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. இங்கேதான் எனக்குப் பயம். ரிப்பனின் ஆட்கள் இரண்டு தடவை பைக்கில் வந்துவிட்டார்கள். ஐம்பது பேரும் எங்கே போனார்கள், தேர்தல் வருது, இப்போ நிறுத்தினா எப்படி என்று வாசலில் நின்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் மகன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், அப்பா இருக்கிற இடத்துல சிக்னலே கிடையாதாமே, நிஜமா என்று. நிஜம்தான் என்றேன். அப்புறம் பெட்டியைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

உங்கள் அடுப்படியில் ஒரு இடம் கேளுங்கள். பாத்திரம் கழுவட்டும், வெங்காயம் உரிக்கட்டும், மூட்டை தூக்கட்டும். ஆட்டத்தில் நாற்பது பேரை அடிக்கிற புலிக்கு நாலு பானை தேய்க்க முடியாதா? முதலாளியிடம் கெஞ்ச வேண்டி வந்தால் கெஞ்சுங்கள். உங்களுக்குப் பழக்கமில்லாததுதான், ஆனாலும் கெஞ்சுங்கள். இடம் கிடைத்தால் ஆபீஸ் போனிலிருந்து சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் போதும். அடுத்த வண்டியிலேயே ஏற்றிவிடுகிறேன். நான் எழுதியதில் எதையும் அவனிடம் கேட்க வேண்டாம். அவனாகச் சொன்னால் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

வண்டி ஏற்றும்போது நான் வழக்கம்போல ஏதாவது திட்டித்தான் அனுப்புவேன், எனக்கு வேறு வராது. அங்கே வண்டி நிற்கிற இடத்துக்கு, வேலை இருக்கிறது என்று சொல்லி ரொட்டி மாஸ்டரை அனுப்பிவிடாதீர்கள். நீங்களே வந்து நில்லுங்கள். என் பிள்ளை இறங்கும்போது அவன் அப்பா அங்கே நிற்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி