அரைக்காலும் முக்காலும்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள சிந்தியா,

பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கசந்து கிடக்கிறது. சின்ன வயதில் நீ என்னிடம், அரையும் பெரிசு காலும் பெரிசு, சேர்த்துச் சொன்னா மட்டும் அரைக்கால் ஏம்மா சின்னதாப் போயிடுது என்று கேட்டாய், நினைவிருக்கிறதா? ரொட்டியை நாலாக வெட்டி, அதில் ஒரு துண்டை மறுபடி பாதியாக்கிக் காட்டினேன், காலில் பாதிதான் அரைக்கால், எட்டில் ஒன்று. அக்கரையில் பிறை ஊரிலிருந்து வரும் கான்ட்ரக்டர் சுகுமாரனும் அப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்பாவின் சக்கர நாற்காலி போகக் குளியலறை வாசலை இடித்து அகலமாக்கினோம் அல்லவா, சுவருக்குச் சுவர் இருபத்தொன்பதரை அங்குலம். இரண்டு பக்கமும் ஒன்றே அரைக்கால் அங்குலத் தடிமனில் நிலைக்கட்டை வை என்று அவனிடம் சொன்னேன், இரண்டும் சேர்ந்து இரண்டேகால், கழித்தால் இருபத்தேழேகால் மிஞ்சும், நாற்காலி இருபத்தாறரை, உரசாமல் போகும். எட்டில் ஒன்று என்றும் சொன்னேன், போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். அரையும் காலும் முக்கால் என்று அவனே கூட்டிக்கொண்டு ஒன்றே முக்கால் கட்டையை அடித்துவிட்டான். இரண்டும் மூன்றரை, மிஞ்சியது வெறும் இருபத்தாறு. கேட்டால், அர இஞ்ச்தான லா டீச்சர், அழுத்தித் தள்ளுனா போயிரும் என்று அப்பாவை உட்காரவைத்தே தள்ளினான், அப்பாவின் சுண்டுவிரல் கட்டையில் மாட்டித் தோல் உரிந்தது, அதற்கும் அவனிடம் ஒரு சிரிப்பு. 

இப்போது அப்பாவுக்குப் பின்கட்டில், துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில், கயிற்றில் போர்வையைக் கட்டிக் குளியல். பக்கத்து வீட்டு ஷாஹிரா துணி காயப்போட வந்தால் பாவம், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அப்பாவோ, விடு ஆலிஸ், பழகிருச்சு என்கிறார். இதற்கெல்லாமா ஒரு மனிதர் பழகுவது? நேற்று நீயும் போனில் அரை அங்குலம்தானேம்மா, ஒடுக்கமான நாற்காலி வாங்கி அனுப்புகிறேன் என்றாய். வேண்டாம். ஒடுங்க வேண்டியவர் அப்பா இல்லை. கட்டையைப் பிடுங்கச் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை சுகுமாரன் வருகிறான், அளவுநாடாவோடு பக்கத்திலேயே நிற்பேன்.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசு, குளியலைப் பற்றி மட்டும் கேட்காதே. அரை அங்குலம்தானே என்றாயே, அதற்கு முன்னால் ஓர் அளவுநாடாவை எடுத்து, உன் சுண்டுவிரலின் தடிமன் எவ்வளவு என்று அளந்து பார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா ஆலிஸ்