சின்னவளைக் குண்டுவுக்குத் தெரியவில்லை

மார்ச் 4, செவ்வாய்

சலவைக்கூடத்தில் பெரிய துவைக்கும் இயந்திரம் மறுபடியும் மக்கர். ஆஸ்பத்திரிப் போர்வைகள் கூரை முட்டக் குவிந்துவிட்டன. இடுப்பு விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்தால் குண்டுவும் சின்னவளும் என் நாற்காலியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்குகிறார்கள். எந்த வால் யாருடையது என்று தெரியவில்லை. ஏழு வருஷமாக இதே கூத்துதான். எங்கள் அழுக்குத்துணி வண்டிக்குள் கண் திறக்காத பூனைக்குட்டிகளாகக் கிடந்த அண்ணனும் தங்கையும். எழுப்ப மனசு வரவில்லை. தரையில் உட்கார்ந்தே தேநீர் குடித்தேன். நாளை மறுநாள் சின்னவளுக்குப் பல் பிடுங்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

சொத்தைப் பல் இரண்டும் போயிற்று. கூடையைத் திறந்ததும் சின்னவள் தள்ளாடிக்கொண்டு நேரே குண்டுவிடம் போனாள். அவன் மோந்து பார்த்தான். முடியெல்லாம் சிலிர்த்து உடம்பு இரண்டு மடங்கானது. அப்படி ஓர் உறுமலை அவனிடம் நான் கேட்டதே இல்லை. அவள் இன்னும் நெருங்கினாள், பாவி, வழக்கம்போல நெற்றியை நக்குவான் என்று. முகத்தில் விட்டான் ஓர் அறை. ரத்தம்.

"ஆஸ்பத்திரி நாத்தம் புடிக்கல போல. விடு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் இவர். பஸ் ஓட்டுகிறவர். எல்லாமே அடுத்த நிறுத்தத்தில் சரியாகிவிடும் இவருக்கு.

மார்ச் 7, வெள்ளி

நாற்றம்தானே? அதைப் போக்க எனக்கா சொல்லித்தர வேண்டும்? இருபத்திரண்டு வருஷமாக வேறென்ன செய்கிறேன்? வேலையிடத்திலிருந்து சோப்புத்தூள் கொண்டுவந்தேன். அவர்கள் படுக்கும் கம்பளி, மெத்தை உறை, நாற்காலித் துணி, திரைச்சீலை எல்லாவற்றையும் கொதிக்கக் கொதிக்க அலசிப் போட்டேன். சின்னவளையும் வெந்நீரில் குளிப்பாட்டித் துவட்டினேன். வீடு பளிச்சென்று இருக்கிறது.

மாலையில் மறுபடியும் அடித்தான்.

மார்ச் 8, சனி

குண்டுவையும் குளிப்பாட்டினேன். இப்போது அவளும் சீறுகிறாள்.

மார்ச் 10, திங்கள்

வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பூனை டாக்டரம்மாவிடம் போனேன். என்னென்ன துவைத்தேன் என்று பெருமையாக வேறு சொன்னேன். அந்தம்மா பேனாவை மூடி வைத்தார்.

"பூனைக்கு முகத்தவிட வாசனதாங்க அடையாளம். ஒண்ண ஒண்ணு நக்கி, ஒரே கம்பளில படுத்து, ரெண்டுக்கும் பொதுவா ஒரு வாசன இருந்துது. பல்லு புடுங்கினப்ப இவகிட்ட கொஞ்சம் மாறிச்சு. தன்னால திரும்பியிருக்கும். மிச்சத்த நீங்க மொத்தமா கழுவி ஊத்திட்டீங்க."

"நல்லதுக்குத்தாங்க செஞ்சேன்."

"தெரியுது."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இனி ஆளுக்கு ஓர் அறை. மூன்று வாரம் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது. ஒரே துணியால் இருவர் கன்னத்தையும் மாறி மாறித் தேய்க்க வேண்டும். மூடிய கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு. எதையும் துவைக்கக் கூடாதாம். என்னிடம் போய்.

மார்ச் 15, சனி

இவருடைய பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு குண்டுவைத் தேய்க்கிறேன், பிறகு போய்ச் சின்னவளைத் தேய்க்கிறேன், திரும்பி வருகிறேன். "சண்ட போட்ட சம்பந்திங்களுக்கு நடுவுல தூது போறவ மாதிரி அலையிற" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள்! அடியில் இருந்த இடுக்கு வழியாகச் சின்னவள் கையை நீட்டினாள். குண்டு மோந்தான். சீறவில்லை. உறுமவில்லை. அப்பாடா.

மார்ச் 19, புதன்

திறந்துவிட்டேன்.

மூணு வாரம்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்களே. ஒம்பது நாள் பொறுக்க முடியலயா எனக்கு? என்னடி அவசரம்? யாரு கேட்டா? கைய மோந்தானே, அத நம்பித் தொலச்சேன் —

கண் மூடித் திறப்பதற்குள் பாய்ந்தான். சின்னவளின் காது கிழிந்து தொங்குகிறது. நடுவில் கையை விட்டேன். கடித்தது யார் என்றுகூடத் தெரியவில்லை. இடது கையால் எழுதுகிறேன்.

மார்ச் 20, வியாழன்

கை வீங்கி இரண்டு ஊசி. சின்னவளுக்குக் காதில் நாலு தையல். அலமாரி மேல் ஏறியவள் இறங்கவே இல்லை. அங்கேயே ஒன்றுக்குப் போகிறாள். கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன், இருந்தும் குண்டு நடக்கிற சத்தம் கேட்டாலே நடுங்குகிறாள்.

மார்ச் 22, சனி

மூன்று நாளாக ஒரு வாய் சாப்பிடவில்லை. மீனைப் பிசைந்து விரலில் வைத்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இப்படியே பட்டினி கெடந்தா ஈரல் போயிடும்" என்கிறார் டாக்டரம்மா. "மருந்து கொடுத்து அனுப்பறேன். ஆனா அவன் இருக்கிற வீட்ல இவ சாப்பிடுவான்னு எனக்குத் தோணல."

இவர் சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. "ஒண்ண அனுப்பித்தான் ஆகணும். யாருன்னு நீ சொல்லு."

யாரைச் சொல்ல? அடிக்கிறவனை எவர் வீட்டில் சேர்ப்பார்கள்? ஆக, ஒரு தப்பும் செய்யாதவள்தான் போக வேண்டும். இது என்ன நியாயம்? தப்பு செஞ்சவ நானு. என்ன யாரும் எங்கயும் அனுப்பல.

மார்ச் 23, ஞாயிறு

எங்கள் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்யும் பெண் வந்து எடுத்துப்போனாள். கூடைக்குள்ளிருந்து சின்னவள் ஒரு சத்தமும் போடவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இஸ்திரிக்காரி ஓடி வந்து சொன்னாள்: "அக்கா, சாப்பிட்டுட்டா! கிண்ணத்தையே நக்கி வச்சிட்டா!"

கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். பெரும்பாலும் சந்தோஷம்தான்.

ஏப்ரல் 2, புதன்

குண்டு அவளைத் தேடவே இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறான், வெயிலில் மல்லாந்து தூங்குகிறான். அவன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவனுக்கு என்ன தெரியும், வாயில்லா ஜீவன் என்று இவர் சொல்கிறார். தெரியும் எனக்கு. இருந்தாலும் வருகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

சின்னவளைப் பார்க்கப் போனேன். காது ஆறிவிட்டது. உடம்பு பிடித்திருக்கிறாள். வாசலில் என் குரலைக் கேட்டதுமே வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மறக்கவில்லை! குனிந்து கையை நீட்டினேன்.

மோந்து பார்த்தாள். நின்றாள். காலையில் கிளம்பும்போது குண்டு என்னை உரசிக்கொண்டுதான் நின்றிருந்தான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முடி சிலிர்த்தது. பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து கட்டிலுக்கு அடியில் போய்ச் சீறினாள். என்னைப் பார்த்து. அரைமணி நேரம் கூப்பிட்டேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா" என்றாள் இஸ்திரிக்காரி. "இப்பதான் கொஞ்சம் தேறியிருக்கா. நீங்க வராம இருந்தா அவளுக்கு நல்லது."

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.