காற்று வராத அறை

மார்ச் 4, செவ்வாய். ஹட்டன்

காலையில் கடும் பனி. எதிர் மலை தெரிய நேரம் பிடித்தது. கொழும்பு ஆஸ்பத்திரியில் இருந்து போன். மனைவி சரோவுக்குக் கதிர்ச் சிகிச்சை 17ஆம் திகதி, திங்கள் தொடக்கம். வார நாட்களில் தினமும், ஐந்து வாரம். போன மாதமும் ஒரு திகதி தந்தார்கள். போக மறுத்துவிட்டாள். இந்த முறையும் வராவிட்டால் வரிசையில் கடைசிதான் என்றார் நர்ஸ் மிஸ்ஸி. டொக்டர் முன்பே சொல்லிவிட்டார்: கட்டியை எடுத்தாயிற்று, மிச்சம் இருந்தால் அதற்கு இது. தள்ளிப்போட இனி வழியில்லை.

அவள் மறுப்பது சிகிச்சைக்குப் பயந்து அல்ல. தங்குமிடம். கொட்டாஞ்சேனையில் அவள் அண்ணன் செல்வத்தின் வீடு. கொழும்பில் சொந்தம் இருக்கும்போது ரூம் எடுத்துத் தங்குவது எங்கள் பக்கத்தில் சொந்தத்தை அறைந்த மாதிரி.

சரோ: "அண்ணி வீட்டு ஹோல்ல பாயப் போட்டுப் படுத்திருப்பேன். வர்றவ போறவ எல்லாம் நின்னு பாத்து உச்சுக் கொட்டிட்டுப் போவாளுங்க. அதுக்கு இங்கயே கெடக்குறேன்."

"அப்ப என்ன வேணும், சொல்லு."

"எனக்குன்னு ஒரு கதவு. ஒரு அடுப்பு. தேடித் தாங்க, வர்றேன்."

முப்பது வருடம் பத்திரிகைக்காக ஊரார் விஷயத்தை விசாரித்தவன். ஒரு கதவு, ஒரு அடுப்பு. கண்டுபிடிக்கலாம்.

குடைக் கம்பி உடைந்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

மார்ச் 6, வியாழன். கொழும்பு

முதல் பஸ். கினிகத்தேனை வரை தூக்கம். ஆஸ்பத்திரி இருக்கும் சந்தியைத் தாண்டித்தான் பஸ் போனது. இறங்கவில்லை. மலையில் இருந்து வருகிறவனுக்குக் கொழும்பு புறக்கோட்டையில்தான் தொடங்கும். இறங்கிய பிறகுதான் யோசித்தேன், ஏன் இவ்வளவு தூரம் வந்தேன் என்று.

செல்வம் வேலை செய்யும் துணிக்கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். பலன் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து டிக்கோயாப் பையன் ஒருவன், கடை வாசலில் நின்றவன், "ரிப்போட்டர் ஐயா, செல்வம் அண்ணன் வீட்டுக்கா?" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினான்.

புறக்கோட்டை லொட்ஜ்: மலிவு. மாடிப்படி இருட்டு. மனேஜர் நல்ல மனிதர். "லேடீஸுக்கு இது சரி வராது மாஸ்டர். விடியச் சாமம் லொறில மூட்டை எறக்குவானுகள். நோயாளி எப்படித் தூங்குற?" எனக்கு மட்டும் இன்று இரவுக்கு ஒரு கட்டில் தந்தார்.

வெள்ளவத்தை: பிற்பகல் முழுவதும். எங்கும் தமிழ், கோயில், கடல். விலைதான் எட்டாது. ஒரு வீட்டுக்காரர், யாழ்ப்பாணம்:

"எந்த இடம் நீங்கள்?"

"ஹட்டனுங்க."

"ஓ, மலைநாடோ. அறை இருக்கு. ஆனா சமைக்கேலாது. கீழ கடை இருக்கு, எடுத்துச் சாப்பிடலாம்."

கதவு உண்டு, அடுப்பு இல்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கழித்தாயிற்று.

கடலோரம் கொஞ்ச நேரம் நின்றேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி. கொழும்பு

இன்று ஒழுங்காக. ஆஸ்பத்திரி வாசலில் இருந்து தொடங்கி, அவள் நடக்கக்கூடிய தூரத்துக்குள் இருக்கும் சந்து ஒழுங்கைகள் மட்டும். வாடகைக்கு என்று பலகை தொங்காத வீடுகளிலும் கேட்டேன். கடைக்காரர்களிடம் முதலில் ஒரு பிளேன் டீ, பிறகு கேள்வி. பழைய தொழில் முறை.

மத்தியானத்துக்குப் பின் கிடைத்தது. பத்மா நோனா என்ற சிங்கள அம்மாவின் வீடு. இரண்டு அறை காலி. மேலே ஒன்று: நாலு பக்கமும் திறந்த மாதிரி, ஜன்னலோ ஜன்னல். கீழே பின்பக்கம் ஒன்று: படி ஏற வேண்டாம், தனிக் கதவு, காஸ் அடுப்பு வைக்க மேடை, குளிக்கச் சுடுதண்ணீர், ஒரே ஒரு சின்ன ஜன்னல், சுவரில் நல்ல வெயில். கதகதப்பு. கீழ் அறையைக் கேட்டேன்.

நோனா சிங்களத்தில் இரண்டு தரம் கேட்டார். "கீழ் அறையா மாத்தயா? நிச்சயமாகவா?"

நிச்சயம் என்றேன். வாடகை என் கைக்குள். முற்பணம் கொடுத்தேன். திருப்தி.

மார்ச் 8, சனி. ஹட்டன்

சரோவிடம் சொன்னேன். கதவு, அடுப்பு, சுடுதண்ணீர்.

"காத்து அடிக்குமா?"

"ஒரு பொட்டுக் காத்து வராது."

"அப்ப சரி." சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு.

மாலை செல்வம் போன். "என்ன மாப்ள, புறக்கோட்டை வரைக்கும் வந்துட்டு வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" பதில் சொல்வதற்குள் சரோ போனை வாங்கினாள். "அண்ணே, நான்தான் தனியா ரூம் பாக்கச் சொன்னேன். அவர வையாதீங்க." அண்ணன் போனை வைத்துவிட்டார்.

மார்ச் 15, சனி. கொழும்பு

சாமான்: கம்பளி இரண்டு, சுவெட்டர், கம்பளித் தொப்பி, ரசப்பொடி, கருவாடு, ஹட்டன் தேயிலைத் தூள். பஸ்ஸில் சரோவுக்கு ஒரு தரம் வாந்தி. ஆஸ்பத்திரிச் சந்தியிலேயே இறங்கினோம். படித்துக்கொண்டேன்.

மேல் அறையில் மட்டக்களப்பில் இருந்து வந்த ஒரு குடும்பம். நேற்று எடுத்தார்களாம்.

கதவுக்கு மேலே சுவரில் ஓட்டை ஓட்டையாக ஒரு வரிசை. சரோ பார்த்துவிட்டு, "இதால காத்து வரும், சளி, தடிமன் புடிச்சா கரண்டு புடிக்க விட மாட்டாங்க" என்றாள். கதிர்ச் சிகிச்சை அவளுக்குக் கரண்டு. பழைய பேப்பரைச் சுருட்டி அத்தனையும் அடைத்தேன். ஹட்டனில் ஒவ்வொரு டிசம்பரிலும் செய்கிற வேலைதான். அங்கே ஜன்னல் இடுக்குகளுக்கு நான் எழுதிய பேப்பரே போகும்.

அடுப்பு எரிகிறது. ரசம்.

மார்ச் 16, ஞாயிறு. கொழும்பு

தூக்கம் இல்லை. பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சுவர் ராத்திரி முழுக்கக் கக்கியது. பேன் சுற்றச் சுற்ற அதே அனல். சரோ பாத்ரூம் தரையில் போய் உட்கார்ந்துவிட்டாள். பேப்பரை எல்லாம் பிடுங்கி எறிந்தேன். பயனில்லை, அந்தப் பக்கம் ஒட்டினாற்போல் இருந்ததும் அடுத்த வீட்டுச் சுவர்.

விடிந்ததும் பையைக் கட்டத் தொடங்கினாள். "நான் ஊருக்குப் போறேங்க. இந்தச் சூளையில வெந்து சாகுறதுக்கு நோயோடயே இருந்துக்கலாம்."

நாளை திங்கள். மலையில் நல்ல அறை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறேன். நோனா இரண்டு தரம் கேட்டும் எனக்குப் புரியவில்லை.

"மத்தியானம் வரைக்கும் பொறு. தேடுறேன்."

"நீங்க தேடுனது போதும்." செருப்பைப் போட்டாள். "குடைய எடுங்க."

அவளே கேட்டாள், அவளே பார்த்தாள். நடை மெதுவாக, அவ்வப்போது மதில் நிழலில் நின்று. என்னைப் போல விசாரணை இல்லை. அறைக்குள் போவாள், செருப்பைக் கழற்றித் தரையில் கால் வைப்பாள், கழுத்தில் இருந்து கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள். பிறகு, "வேணாம், வாங்க."

மூன்று வீடு அப்படி. நாலாவது, ஓய்வு பெற்ற சிங்கள டீச்சர் ஒருவருடையது. வெளிப்படி ஏறி மாடி அறை. சுடுதண்ணீர் இல்லை. இரண்டு பக்கமும் ஜன்னல், பக்கத்துப் பலாமரம் உள்ளே வருகிற மாதிரி. அங்கே கொஞ்சம் அதிகமாகவே நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு.

டீச்சர்: "சமையல் மட்டும் கூடாது."

முடிந்தது என்று நினைத்தேன். சரோ சிங்களத்தில், நிதானமாக: "நான் நோயாளியாகப் படுத்திருக்க வரவில்லை டீச்சர். குடியிருக்க வருகிறேன். அடுப்பு எரியாவிட்டால் அது என்ன வீடு?"

டீச்சர் அவளைப் பார்த்தார். அவள் வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த ஷோலைப் பார்த்தார். "சரி. கருவாடு பொரிக்கக் கூடாது."

படியிறங்கும்போது என் காதில், "கருவாடு இல்லாம அஞ்சு வாரமா? அதுதாங்க பெரிய சிகிச்சை."

பத்மா நோனா முற்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார். கோபம் இல்லை. "குளிர் நாட்டு ஆட்கள் எல்லோரும் கீழ் அறையைத்தான் கேட்கிறார்கள்" என்றார். நாங்கள் முதல் ஆள் இல்லை.

கம்பளிக் கட்டைப் பிரிக்கவில்லை. இரவு நல்ல தூக்கம், இருவருக்கும்.

மார்ச் 17, திங்கள். கொழும்பு

மேகம். லேசான காற்று. சரோ நடந்தே போனாள், நடந்தே வந்தாள். உள்ளே போனபோது என் கையை விடவில்லை. மிஸ்ஸி பிரித்துவிட வேண்டியிருந்தது. வெளியே வந்தவள்: "அவ்வளவுதாங்க. ஒரு மிசின் சத்தம். நாளைக்கும் இதே நேரம் வரச் சொல்றாங்க." நாளைக்கும் என்றாள்.

பின்னேரம் செல்வமும் அண்ணியும். யார் சொன்னார்களோ. கையில் சாப்பாட்டுக் கேரியர், முகத்தில் ஒரு வாரக் கோபம். படியில் நின்றபடியே அண்ணி, "எங்க வீட்ல எடமா இல்ல?" என்று ஆரம்பித்தார்.

சரோ கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணி, உள்ள வாங்க. அண்ணே, அந்தக் கதிரையில ஒக்காருங்க. ஊருத் தூள் கொண்டாந்திருக்கேன், டீ போடுறேன்."

இருந்த இரண்டு கதிரைகளும் அவர்களுக்கு. நான் வெளிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே கோப்பைகளின் சத்தம். செல்வம் எழுந்து நடக்கிறார். ஜன்னல் கொக்கியின் சத்தம்.

"அதச் சாத்தாதீங்க அண்ணே. காத்து வரட்டும்."