திருத்தாத பெயர்

அக்கா,

அந்த நாவலை இன்று காலை மறுபடி எடுத்தேன். நடுவில் நாலைந்து பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் எவ்வளவு பாக்கி என்று நீ ஈரக் கையால் புரட்டிய இடம். பிரித்தால் ஏரிச் சேற்று வாசனை வருகிறது.

அப்போது நான் பொன்னேரியில் துணிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் படிப்பேன். லீவு நாளில் உன்னோடு ஏரியில் இறங்கினால் அந்தக் கதையைச் சொல்வேன். இரண்டு கையும் சேற்றில் இறால் தடவ, பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றை நீ பல்லில் கடித்துக்கொண்டிருப்பாய். போதும் என்றுகூட உன்னால் சொல்ல முடியாது. கதை சொல்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

பெரிதாக ஒன்றும் நடக்காத கதை. நினைவு தப்பிப்போன ஒரு தாய், பக்கத்திலேயே இருந்து சோறூட்டும் சின்ன மகளை, வெளியூரில் இருக்கும் பெரியவளின் பெயர் சொல்லியே கூப்பிடுகிறாள். சின்னவள் ஒரு தடவைகூடத் திருத்துவதில்லை. எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா என்று உன்னிடம் கத்தினேன். நீ தலையை மட்டும் ஆட்டினாய். கரையேறி, பறியை இறக்கிவைத்த பிறகுதான் பேசினாய்.

"ஓய்ஞ்சி பூட்டாடி அவ. பேரத் திருத்திக்கினு இருக்கத் தெம்பு வாணாமா?"

பாசம், பொறுமை என்று நான் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். நீ களைப்பு என்று முடித்துவிட்டாய். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு நீ போனாய். அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒவ்வொன்றாக மறந்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறேன். சோறு பிசைய, துணி மாற்ற, தெருவுக்கு ஓடிவிடாமல் பிடித்துவைக்க, எல்லாவற்றுக்கும் நான்தான். அம்மா என்னைப் "பெரியவளே" என்றுதான் கூப்பிடுகிறாள். நானும் ம் என்கிறேன். நீ சொன்னது சரிதான் அக்கா. அலுத்துவிட்டது.

நேற்று மட்டும் பொறுக்கவில்லை. நான் சின்னவள் என்று சொல்லிவிட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"அப்போ பெரியவ எங்கடி?"

எழுந்து வெளியே போய்விட்டேன். அதற்காகத்தான் இன்று நாவலைப் பிரித்தேன். கடைசிப் பக்கம்வரை தேடினேன். அதில் பெரியவள் உயிரோடு இருக்கிறாள், அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. நல்ல நாவல்தான். நம் வீட்டுக்குப் பத்தவில்லை.

சாயங்காலம் அம்மா மறுபடி கேட்டாள். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று அவள் அழுததை நான் பார்த்தவள். அதை அவளுக்கு இன்னொரு முறை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஏரில கீறாம்மா," என்றேன். "வாய்ல பறி கீது. கூப்ட்டா பேச முடியாது."

அம்மாவும் அதே ஏரியில் பறி கடித்தவள்தானே. தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

நான் இவ்வளவு பேசியும் நீ பதில் சொல்லாததற்கு அதுதான் காரணம் என்று நானும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.